திரும்பி வந்தவர்களைக் கேட்டால்

சனிக்கிழமை காலை, ஜெட்டியிலிருந்து கெலுகோர் போகும் பேருந்தில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவரின் கணவர் நிபோங் திபால் பக்கம், செம்பனைத் தோட்டத்துக்குள் இருக்கும் பழைய குளத்தில் மீன் பிடிக்கத் தனியாகப் போயிருந்தார்.

“அங்க பயப்பட ஒண்ணும் இல்ல லா, மாலா. ஏழு பேர விசாரிச்சுட்டுத்தான் போனாரு. எல்லாருமே அந்தக் குளத்துக்குப் போய்ட்டு வந்தவங்க.”

“அதான் அக்கா. திரும்பி வந்தவங்களத்தானே கேட்டிருக்காரு?”

மூத்தவர் திரும்பிப் பார்த்தார்.

“எங்க மாமாவும் போன வருஷம் அங்கதான் போனாரு. அவர எப்படிக் கேக்குறது? இன்னும் தேடிக்கிட்டுத்தான் இருக்கோம்.”

மூத்தவர் உடனே கணவரை அழைத்தார். பேருந்து இரைச்சலுக்காக ஸ்பீக்கரில் போட்டதால் எனக்கும் கேட்டது.

“பயப்படாத லா. நான் தனியா இல்ல. பக்கத்துல ஒருத்தரு தூண்டில் போட்டுக்கிட்டு உக்காந்திருக்காரு. அவரும் இங்க ஒண்ணும் இல்லன்னுதான் சொல்றாரு.”

மாலா போன் அருகே குனிந்தாள். “அண்ணே, அவரு எப்ப வந்தாராம்?”

அவர் பக்கத்திலிருந்தவரிடம் கேட்பது மங்கலாகக் கேட்டது.

“போன வருஷமாம். அதுக்கப்புறம் வீட்டுக்கே போகலையாம். வெளையாடுறாரு போல.”

“தூண்டில அங்கேயே போட்டுட்டு வந்து காடியில ஏறுங்க,” என்றார் மூத்தவர். “போன வைக்காதீங்க.”

மூச்சிரைப்பும், காய்ந்த மட்டைகளை மிதிக்கும் சத்தமும் மட்டுமே வந்தன. கடைசியில் கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. மூத்தவர் கண்ணை மூடிப் பெருமூச்சு விட்டார்.

பிறகு இன்னொரு கதவும் சாத்தப்பட்டது.