மார்புக்கு நேரே ஒரு கண்ணாடிக் குழாய்

— உக்காருங்கோ லூர்து மேரி. அழுதுண்டே நின்னா நான் சொல்றது எப்படிக் காதில விழும்?

— இன்னும் என்னத்தச் சொல்லப் போறிய டாக்டரம்மா? அதான் ஆயா சொல்லிட்டாளே. கட்டிலு பக்கத்துல நின்ன கண்ணாடிக் குழாயத் தூக்கிட்டு வெளிய வந்தா. எங்க வீட்டு அவிய எப்படி இருக்காவன்னு கேட்டேன். "கலாஸ்"னுட்டுப் போறா.

— அடக் கடவுளே. அவ குழாயைச் சொன்னா. குழாயோட வேலை முடிஞ்சுதுன்னு சொல்லியிருக்கா. லாசருக்கு இனிமே அது வேண்டாம்னு நான்தான் எடுக்கச் சொன்னேன்.

— வேண்டாம்னா?

— பொழைச்சுட்டார். அதனால வேண்டாம். என்னைப் பாருங்கோ. உங்க வீட்டுக்காரர் முழிச்சிண்டு இருக்கார். பிரஷர் தானா நிக்கறது. ஏத்தற மருந்தைக் காலம்பறவே நிறுத்தியாச்சு. இப்போதான் என்கிட்ட சாயா கேட்டார்.

— சாயாவா?

— சக்கரை தூக்கலா வேணுமாம்.

— அப்ப அவியளேதான். மாதாவே… இருங்க, தரையில உக்காந்துக்கிடுதேன்.

— மெதுவா உக்காருங்கோ.

— கொழுந்தன் அமிர்தநாதன சேவ்ரி கல்லறைக்கு அனுப்பிட்டேன் டாக்டரம்மா, குழிக்குச் சொல்லிவைக்க. இப்பதான் எறங்கிப் போனான். ஏ பூதத்தான், வாசல்லயே நிக்காம பஸ் ஸ்டாப்புக்கு ஓடுலே, அமிர்தநாதனத் திருப்பிக் கூட்டியா. அண்ணன் சாயா கேக்காவன்னு சொல்லு.

— போயிட்டாரா?

— பறந்துட்டான். எங்க கோளிக்கு அடுத்த ரூம்புக்காரன்தான், தொணைக்கு வந்தான். என்ன டாக்டரம்மா இது? தோல் ஷெட்டுல கத்தி கால்ல பட்டுது. மஞ்சள அப்பிட்டு வேலைக்குப் போனாவ. அப்புறம் காலு வீங்கி, காய்ச்சல்ல பெனாத்த ஆரம்பிச்சிட்டாவ. டாக்ஸில கொண்டாரும்போது கையத் தொட்டுப் பாக்கேன், கணகணன்னு சூடா இருக்கு. சாவப் போறவனுக்குக் கை சில்லுன்னுலா ஆவும்? அந்தத் தைரியத்துலதான் வந்தேன்.

— அந்தச் சூடு எங்களையும் ஏமாத்தப் பாத்தது. புண்ணோட விஷம் ரத்தத்தில கலந்து, ரத்தக்குழாயெல்லாம் தளர்ந்து விரிஞ்சு போயிடுத்து. அதான் கை சூடு. ரத்தம் அங்கேயே தேங்கி நின்னா ஹார்ட்டுக்கு எப்படித் திரும்பி வரும்? பிரஷர் கீழே போயிண்டே இருந்தது.

— பெரிய டாக்டர் இங்கிலீஷ்ல கோவமாப் பேசுனாவளே.

— கோபம் இல்லை. இன்னும் சலைன் ஏத்தினா ஹார்ட் தாங்காது, நுரையீரல்ல தண்ணி கோத்துக்கும்னார். அதுவும் நடக்கக்கூடியதுதான். ஹார்ட் களைச்சுப் போயிருக்கா, இல்லை ரத்தம் வராம காலியா அடிச்சிண்டு இருக்கா? வெளியில இருந்து பாத்தா தெரியாது. ரெண்டுலயும் பிரஷர் ஒரே மாதிரிதான் விழும்.

— அதப் பாக்கத்தான் குழாயா?

— ஆமா. கை நரம்பு வழியா மெல்லிசா ஒரு டியூபை ஹார்ட் வாசல் வரைக்கும் ஏத்தி, இந்தப் பக்கம் கண்ணாடிக் குழாயில சேர்த்து, அவர் மார்புக்கு நேரா நிறுத்தினோம். ஹார்ட் திணறினா உள்ளே இருக்கற தண்ணி மேலே ஏறி நிக்கும். உங்களவருக்கு அது அடியிலேயே கிடந்தது. அதைப் பாத்ததும் பெரிய டாக்டரே "ஏத்து"ன்னுட்டார். பாட்டில் பாட்டிலா ஏத்தினோம். தண்ணி மெள்ள ஏறித்து, கூடவே பிரஷரும் ஏறித்து. அப்புறம்தான் காலைக் கீறிச் சீழை எடுக்கத் தைரியம் வந்தது.

— அவிய மூச்சு விடுறப்பல்லாம் அந்தத் தண்ணி ஆடும். கதவு சந்து வழியா அதையே பாத்துக்கிட்டு நின்னேன். அவிய மூஞ்சியப் பாக்கத்தான் பயமா இருந்துச்சு.

— இப்போ போய் மூஞ்சியைப் பாருங்கோ. ரெண்டு மடக்கு சாயாவும் குடுங்கோ, அதுக்கு மேல கூடாது.

— போறேன். அதுக்கு முன்ன ஒண்ணு கேக்கேன். இதுவரைக்கும் எத்தன பேருக்கு இந்தக் குழாய வச்சிருக்கிய?

— இந்த அறுபத்தாறாம் வருஷத்துலதான் எங்க ஆஸ்பத்திரிக்கே அது வந்தது. இன்னொருத்தர் வைக்கறச்சே பக்கத்தில நின்னு பாத்திருக்கேன். என் கையால வெச்சது லாசருக்குத்தான் முதல்ல. உங்ககிட்ட சம்மதம் கேக்க வந்தப்போ என் கை நடுங்கித்து. நீங்க இருந்த நிலையில கவனிச்சிருக்க மாட்டேள்.

— கவனிச்சேன் டாக்டரம்மா. இந்த வார்டுல அவியளுக்காவ நடுங்குத கை என்னுது ஒண்ணுதான்னு நெனச்சிருந்தேன். ஒங்க கையும் நடுங்குனதப் பாத்துட்டுத்தான் சரின்னேன்.