சீனி போடாத கோப்பி

"இறங்கு! நீ இறங்கு!"

காரை மறித்தவர்கள் சமீரைத்தான் சொல்கிறார்கள். 1976. பெய்ரூத். துறைமுகத்துக்குப் போகும் வீதி. காலை ஏழு பத்து. பின்னால் ஷெல் விழுகிறது. முதலில் சீழ்க்கை. பிறகு நிலம் அதிரும் சத்தம். துவக்கு வைத்திருப்பவன் சமீரின் அடையாள அட்டையைப் பார்க்கிறான். அதில் மதம் எழுதியிருக்கும். என் பாஸ்போர்ட்டைத் திருப்பித் தருகிறான்.

"நீ போ! ஓடு!"

சாரதி காரை எடுத்தான். நான் வாய் திறக்கவில்லை. இரண்டு வெடி. நடுவில் ஒரு மூச்சு விடும் நேரம். திரும்பிப் பார்த்தேன். சமீர் வீதியில் கிடந்தான். வெள்ளைச் சட்டை. அசையவில்லை.

நான் யாழ்ப்பாணத்தான். கப்பல் சமையல்காரன். 1968இல் காய்ச்சலோடு பெய்ரூத்தில் இறக்கிவிட்டார்கள். கப்பல் போய்விட்டது. ஒரு ஹோட்டலில் ரொட்டி சுட்ட சமீர்தான் எனக்கு வேலையும் பாஷையும் தந்தவன். அவனுடைய அண்ணன் எலியாஸ் மொன்றியலில் இருந்தான். அந்த முகவரி என் பையில் இருந்தது.

ஆவணியில் மொன்றியல் வந்தேன். டவுன்டவுன் உணவகம் ஒன்றின் சமையலறையில் எலியாஸ் வேலை எடுத்துத் தந்தான். ஒரே ஒரு கேள்வி கேட்டான். தம்பியைக் கண்டாயா? காணவில்லை என்றேன். டெலிபோன் வேலைசெய்யாத காலம். நம்பினான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தம்பிக்குக் கடிதம் எழுதுவான். என்னிடம் தருவான். மெத்ரோவுக்குப் போகும் வழியில் தபாலில் போடுவேன்.

அரபு நாடு என்றால் ஒரே நாடு, ஒரே மதம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இந்தச் சமையலறையிலேயே மூன்று பேர். எலியாஸ் லெபனான் கிறிஸ்தவன். மஹ்மூத் லெபனான் முஸ்லிம். நபில் எகிப்துக்காரன். அரபுப் படங்கள் எல்லாம் எகிப்துப் பேச்சில்தான் வரும். அவன் கதைத்தால் "படம் தொடங்கீட்டுது" என்பான் எலியாஸ். ஆனால் வானொலிச் செய்தி மூவருக்கும் விளங்கும். ரொட்டி கீழே விழுந்தால் மூவரும் எடுத்து முத்தமிடுவார்கள். கோப்பிக்கு மூவருக்கும் சீனி நிறைய வேண்டும். செத்தவீட்டில் மட்டும் சீனி போடமாட்டார்கள். அதுவும் மூவருக்கும் ஒன்றுதான்.

சண்டை தொடங்கிய நாளிலிருந்து எலியாஸும் மஹ்மூதும் பேசுவதில்லை. நடுவில் நான். "அவனிட்டச் சொல்லு, அடுப்பைக் குறைக்கட்டாம்." மஹ்மூத் ஒரு முழத் தூரத்தில் நிற்பான்.

1977. தை மாதம். செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணி. கோப்பை கழுவும் சிவபாதம் அண்ணை அன்றைக்குக் கோப்பி போட்டார். அவர் ஊரிலிருந்து வந்து ஒரு மாதம்தான். அவருக்கு இந்த வழக்கம் தெரியாது.

"சீனி முடிஞ்சுது தம்பி. ஒருநாள் குடிச்சாச் செத்தே போவினம்? பேந்து வாங்குவம்."

எனக்குத் தெரியும். தடுத்திருக்கலாம். தெப்பனேருக்கு, மூலைக்கடைக்கு, ஓடிப்போய் ஒரு பாக்கெட் சீனி வாங்கியிருக்கலாம். தட்டு போய்விட்டது.

நபில் ஒரு மிடறு குடித்தான். கோப்பையை வைத்தான்.

"ஆர்?"

மஹ்மூத் எழுந்துவிட்டான். "எங்கட வீட்டிலையோ?"

எலியாஸ் சிவபாதம் அண்ணையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான்.

"சமீரோ?"

"சீனி இல்லையடாப்பா! சீனி!" அண்ணை வெறும் டப்பாவைக் கவிழ்த்துக் காட்டுகிறார். நானும் அதையே சொல்லியிருக்கலாம். அதுவும் உண்மைதான்.

"ஓம்" என்றேன்.

எலியாஸ் மா மூட்டையின்மேல் இருந்தான். அழவில்லை. கையைத் துடைத்தான். திரும்பத் திரும்பத் துடைத்தான். மஹ்மூத் தன் கோப்பையை அடிவரை குடித்தான். எலியாஸின் பக்கத்தில் போய் நின்றான்.

"கடவுள் அவனுக்கு இரங்கட்டும்."

"உன்ர வீட்டிலை?"

"என்ர மச்சான். போன மாரி. இதே மாதிரித்தான். றோட்டில மறிச்சு."

"சொல்லேல்லையே."

"நீ கேக்கேல்லையே."

எலியாஸ் வெறும் கோப்பையை அவனிடமிருந்து வாங்கி நிரப்பிக் கொடுத்தான். தனக்கும் ஊற்றினான். சீனி இல்லை.

இப்போது ஊரிலிருந்து வரும் கடிதங்களிலும் வீதியில் மறித்துப் பெயர் கேட்கும் கதை வருகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

போனவர்கள். சமீர், இருபத்தாறு வயது. மஹ்மூதின் மச்சான், இரண்டு பிள்ளைகளின் தகப்பன். எங்கள் சாரதி, என்னைப் படகில் ஏற்றிவிட்டுத் திரும்பிப் போனவன். செய்தி இல்லை. பெயரும் நான் கேட்கவில்லை.

செத்த தம்பிக்கு எலியாஸ் எழுதிய கடிதங்கள் பதினொன்று. பதினொன்றையும் தபாலில் போட்டவன் நான்.