துளசித் தொட்டிக்குள் ஒரு குழாய்

காலையில் வெறும் வயிற்றில் காபி குடிக்கக் கூடாது என்று யோகா சொல்லித்தருகிறவர்கள் எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்வேன். ஆனால் குடித்துவிட்டுத்தான் சொல்வேன். எதிலும் பிடிவாதம் ஆகாது என்பது என் கொள்கை, ஐயா. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

பீளமேட்டில் ஒரு மருந்துக்கடை மாடியில் வகுப்பு நடத்தினேன். என் முறை மெதுவானது. தூக்கின கை இறங்குவதற்குள் தெருவில் பால்காரர் வந்து போய்விடுவார். சவாசனத்தில் என் மாணவர்களை மிஞ்ச ஆளில்லை. குறட்டை தெருமுனைவரை கேட்கும்.

பிறகு வரதராஜுலு வந்தார். கல்யாண மண்டபத்தைப் பிடித்து, மைக் வைத்து, ஆட்களைத் தவளைபோலத் துள்ளவைத்தார். நான் மூச்சை ஒழுங்குபடுத்தச் சொல்வேன். தேறின யோகிக்கு மூச்சே வேண்டியதில்லை என்றார் அவர். நான் கோபப்படவில்லை. ஆளுக்கொரு வழி.

முதுகுவலிக்காக என்னிடம் வந்துகொண்டிருந்த துணிக்கடை அக்பர் அலி ஒருநாள் தலையைச் சொறிந்தார்.

"மாஸ்டர், தப்பா நெனைச்சுக்காதீங்க. அங்க ஃபேன் இருக்குதுங்க."

அவரைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். கடைசியில் என் மனைவி தெய்வாத்தாள், மகளின் சுடிதாரை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"எங்க அம்மணி கிளம்பிட்டே?"

"ஏனுங்க, உங்ககிட்ட வந்தாத் தூக்கந்தான் வருது. அதுக்கு ஊட்லயே பாய் இருக்குதுங்களே."

நன்றாகத்தான் சொன்னாள். நானும் சிரித்தேன். அன்றிலிருந்து காலையில் வீட்டுக்கு வரும்போதே அவள் முகத்தில் ஒரு சிரிப்பு இருக்கும். கல்யாணமாகி அத்தனை வருடத்தில் அந்தச் சிரிப்பை நான் பார்த்ததில்லை. அவளைத் தடுக்கவில்லை. நானே ஒருநாள் போய்க் கடைசி வரிசையில் நின்று துள்ளிப்பார்த்தேன். முழங்கால் பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான்.

வரதராஜுலு அதைப் பார்த்துவிட்டு என்னைத் தேடி வந்தார்.

"மத்த மாஸ்டருங்க எல்லாம் என்னைய வையறாங்க. நீங்க ஒருத்தர்தானுங்க மனசைத் திறந்து வெச்சிருக்கறீங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

அவிநாசிக்குப் பக்கத்தில் சென்னியப்பக் கவுண்டர் தோட்டத்தில் குழி வெட்டி, உள்ளே சமாதியில் உட்காரப்போகிறாராம். மேலே பலகை, பலகைமேல் மண். காலையில் மூடினால் உச்சிவெயிலில்தான் திறப்பது. வேறு முறைக்காரர் ஒருவர் காவலுக்கு உட்கார்ந்தால்தான் ஊர் நம்பும் என்றார்.

"மூச்சுக்கு என்னங்க பண்ணுவீங்க?"

அக்கம்பக்கம் பார்த்துவிட்டுச் சிரித்தார். "உங்ககிட்ட மறைக்கிறது என்னங்க? குழாய் ஒண்ணு வெச்சிருக்கேன். துளசித் தொட்டிக்குள்ள வந்து முடியுது. செடி மறைச்சுக்கும்."

அவசரத்துக்கு ஒரு கயிறும் உண்டு. உள்ளே இழுத்தால் தொட்டிக்குப் பின்னால் மறைத்து வைத்திருக்கிற மணி அடிக்கும். "அதைய நீங்கதான் பார்த்துக்கோணும்" என்றார்.

அன்று நல்ல கூட்டம். கேபிள் டிவிக்காரர் கேமராவோடு வந்திருந்தார். தெய்வாத்தாள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். இறங்குவதற்கு முன் வரதராஜுலு மைக்கை வாங்கி, "இந்த மூச்சு எனக்கு வேண்டியதில்லைங்க" என்றார். தெய்வாத்தாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நான் தொட்டியை ஒட்டிப் பத்மாசனத்தில் உட்கார்ந்தேன். வெயில் ஏறியதும் தோள்துண்டைத் தண்ணீரில் நனைத்து முகம் துடைத்தேன். பிறகு அதைச் சுருட்டி, துளசிக்கு நடுவே குழாய்க்குள் விரலால் தள்ளினேன். ஈரத்துணி நன்றாகப் பிடிக்கும். நான் செடிக்குத் தண்ணீர் விடுகிறேன் என்று நினைத்து இரண்டொருவர் கும்பிட்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் மணி அசைந்தது. அதன் நாக்கைக் கையில் பிடித்துக்கொண்டேன். ஒருவர் தவத்தில் இருக்கும்போது சத்தம் கூடாது. இது எல்லா முறைக்கும் பொது. கயிறு மறுபடியும் மறுபடியும் இழுபட்டது. பிறகு நின்றது.

"மாஸ்டரு எப்படி அசையாம உக்காந்திருக்கறாரு பாருங்க" என்று பின்னால் யாரோ மெச்சினார்கள். வெகுநாள் கழித்துக் கேட்ட பாராட்டு அது.

உச்சிவெயிலில் திறந்தார்கள். அவர் ஒருபக்கம் சரிந்து கிடந்தார். நகங்களில் மண்ணும் பலகைச் சிராயும். சாமி சமாதி கூடிவிட்டார் என்று கூட்டம் விழுந்து கும்பிட்டது. அங்கேயே அடக்கம் செய்து கவுண்டர் மேடை கட்டினார். வெள்ளிக்கிழமைகளில் அவிநாசி பஸ்ஸில் இப்போது இடம் கிடைப்பதில்லை. என் மாடியில் மருந்துக்கடைக்காரர் அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கிறார். தெய்வாத்தாள் மேடைக்குப் பக்கத்திலேயே தங்கி விளக்குப் போடுகிறாள். உயிரோடு இருந்தபோது அவருக்கு இத்தனை மாணவர்கள் இல்லை.

மேடையைப் பெரிதாக்கத் தொட்டியை நகர்த்தினபோது குழாய் தெரிந்திருக்கிறது. துண்டு என்னுடையது என்று தெய்வாத்தாள்தான் சொல்லியிருப்பாள். துவைத்த கை அவளுடையது. ஆமாம், அடைத்தது நான்தான். மணியைப் பிடித்ததும் நான்தான்.

கொல்ல நினைத்தாயா என்று கேட்கிறீர்கள். அந்த எண்ணமே இல்லை, ஐயா. குழாய் வைத்தாரே, அவருக்கே அவர் சொன்னதில் நம்பிக்கை போதவில்லை. கைதட்டினவர்களுக்கு அது வேடிக்கை. அந்தக் கூட்டத்தில் அவரை முழுசாக நம்பியவன் நான் ஒருவன்தான்.