வேலாயி சொன்னதும் நான் சொன்னதும்

மாட்டிறைச்சியைக் கருகும்வரை பொரிப்பவர்களுக்கு அதன் ருசி தெரியாது. வெண்ணெயில் இரண்டு பக்கமும் சூடுகாட்டி, நடுவில் சிவப்பு மாறாமல் எடுக்க வேண்டும். கண்டியில் அந்தப் பக்குவம் தெரிந்தவர் வாவிக்கரையில் சாப்பாட்டு ஹோட்டல் நடத்திய பிரெஞ்சுக்காரர் மொரேல் ஒருவர்தான். நீங்கள் வழக்கைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்பது தெரியும். வழக்கு அங்கேதான் தொடங்கியது.

நான் யாழ்ப்பாணத்து வீரசிங்கம். பாதிரிமாரிடம் இங்கிலீஷ் படித்தவன். பதினொரு வருடமாக நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளன். மனைவி ஊரோடு இருந்துவிட்டாள். இங்கே எனக்கு இருந்தவர்கள் இரண்டு பேர்: காப்பி வியாபாரி முஹைதீன், ஹேவாஹெட்டக் காப்பித் தோட்டத்துப் பெரிய கங்காணி அழகையா. மாதத்தின் முதல் சனிக்கிழமை, பொழுது சாயுமுன் மொரேலின் பின்னறையில் கூடுவோம். முன்மண்டபம் துரைமாருக்கு. இறைச்சி முஹைதீனின் மச்சான் அறுத்து அனுப்புவது. மொரேல் எங்களுக்கென்று தனிச்சட்டி வைத்திருந்தார். வேதக்காரனான நானும் துலுக்கரும் மாரியம்மனுக்குப் பூசை வைக்கிறவரும் ஒரே மேசையில் உட்கார இந்த ஊரில் வேறு இடமில்லை.

அழகையா அங்கே தின்பது தோட்டத்துக்குத் தெரியாது. தெரிந்தால் கோயிலில் அவர் கை தொட்ட திருநீற்றை யாரும் வாங்கமாட்டார்கள். அவர் பின்னால் கடல் கடந்து வந்த முந்நூறு பேரும் வேறு கங்காணியைத் தேடிப் போவார்கள்.

மொரேலின் பின்கட்டில் தட்டுக் கழுவ ஒரு பெண் வந்து சேர்ந்தாள். பெயர் வேலாயி. புருஷன் செத்த பிறகு அழகையாவின் தோட்டத்தை விட்டு வந்தவள். ஒரு சனிக்கிழமை தட்டெடுக்க வந்தவள் அவரைப் பார்த்தாள். தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அழகையாவுக்குத்தான் அதற்குமேல் வாயில் எதுவும் இறங்கவில்லை. ஆளை அனுப்பி அவளைத் தோட்டத்துக்கே திரும்ப அழைத்துக்கொள்வதாகச் சொன்னார். கண்ணெதிரில் இருந்தால் பயமில்லை என்பது அவர் எண்ணம்.

அனுப்பிய ஆள் மூக்கையா. மறுவாரம் பட்டப்பகலில், மொரேலின் பின்படிக்கட்டின் அடியில் மண்டை உடைந்து கிடந்தான். பார்த்தவர் யாருமில்லை. வேலாயி ஓடவில்லை, அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்படியே பிடித்துப் போனார்கள்.

விசாரணையன்று மன்றம் நிறைந்திருந்தது. ஜூரிமார் இங்கிலீஷ்காரர். அவளுக்காக நியமித்த வக்கீல் பறங்கி. தமிழ் தெரிந்தவர்களுக்கு இங்கிலீஷ் தெரியாது. இங்கிலீஷ் தெரிந்தவர்களுக்குத் தமிழ் தெரியாது. தோட்டத் துரைமாரின் தமிழ் வேலை ஏவுவதற்கு மட்டும் போதும். நடுவில் நான். பின்வரிசை வாங்கில் அழகையா துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

என்ன சொல்லப்போகிறாய் என்று நீதிபதி கேட்டார். அவள் தெளிவாகத்தான் சொன்னாள்.

"அவன் வருவான்னு நான் நெனைக்கலங்க. கையப் புடிச்சு இழுத்தான். உதறுனேன். கால் தவறி விழுந்துட்டான். அவன் மேல எனக்குக் கோவமில்ல. அவன அனுப்புனவரு யாரு, எதுக்கு அனுப்புனாருன்னு கேட்டீங்கன்னா சொல்றேன்."

அழகையாவைப் பார்த்தேன். அவர் தலை குனிந்திருந்தது. பிறகு நீதிபதியின் பக்கம் திரும்பி, இங்கிலீஷில் இப்படிச் சொன்னேன்: "அவன் வருவான் என்று காத்திருந்தேன். என் கையைப் பிடித்தான். படியிலிருந்து தள்ளினேன்." கடைசி இரண்டு வாக்கியங்களையும் விட்டுவிட்டேன். அவை கேள்விக்குப் பொருந்தாதவை.

யாரும் என்னிடம் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. அழகையா ஒரு சாடைகூடக் காட்டவில்லை. ஒரு நல்ல மனிதர் சந்தி சிரிக்க நிற்பதை நான் விரும்பவில்லை. அவர் போனால் முஹைதீனும் வரமாட்டார். தனியாக ஒருவன் ஹோட்டலில் உட்கார்ந்து தின்பது சாப்பாடு அல்ல. இதை உங்களுக்கு விளங்கப்படுத்த முடியுமோ தெரியவில்லை.

ஜூரிமார் வெளியே போய்க் கால்மணி நேரத்தில் திரும்பினார்கள். இருபது நாள் கழித்துத் தூக்கு என்றார் நீதிபதி. அதை அவளுக்குத் தமிழில் சொல்வதும் என் வேலை. அவள் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த முகத்தைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"இருபது நாள் காவலிலை இருக்கவேணும். பிறகு விட்டுவிடுவினம்" என்றேன்.

அவள் இரண்டு கையையும் குவித்து என்னைக் கும்பிட்டாள்.

தமிழர் கூட்டத்தில் சிறு சலசலப்பு. சிலர் நிம்மதியாக மூச்சுவிட்டார்கள். அழகையாவும்தான். அடுத்த சனிக்கிழமை மேசையில் அவர் நன்றாகச் சாப்பிட்டார். அவள் வெளியே வந்ததும் ஒரு பசுமாடு வாங்கிக்கொடுத்துப் பன்விலவில் இருக்கும் அவள் தங்கையிடம் அனுப்பப்போவதாகச் சொன்னார். நல்ல யோசனை என்றேன்.

இருபத்தோராம் நாள் அவர் சிறை வாசலில் போய் நின்றிருக்கிறார். அங்கேதான் அவளைத் தூக்கிலிட்டது தெரிந்திருக்கிறது. நேரே என் வீட்டுக்கு வந்தார். கதிரையைக் காட்டினேன், உட்காரவில்லை.

"உதறுனேன்னு தானே அவ சொன்னா? நான் காதால கேட்டேனே."

"சட்டம் அப்பிடி, அழகையா. நான் என்ன செய்யிறது?"

"எனக்காகச் செஞ்சீங்களா?"

ஆமென்று சொல்லியிருந்தால் அந்தப் பாரம் அவர்மேல் விழுந்திருக்கும்.

அதன்பின் அவர் வழக்கேட்டை ஒரு போதகரைக்கொண்டு வாசிப்பித்ததும், மனு எழுதியதும் உங்களுக்குத் தெரியும். மொரேலின் பின்னறையில் தாம் தின்றதையும் அதில் அவரே எழுதிவிட்டார். நான் காப்பாற்றி வைத்ததை அவர் கையாலேயே கொட்டினார். தோட்டத்தில் இப்போது அவரிடம் யாரும் தண்ணீர்கூட வாங்குவதில்லையாம். முஹைதீன் என்னைக் கண்டால் தெருவின் அந்தப் பக்கம் போகிறார்.

மனுவில் உள்ளது உண்மை. அவள் வார்த்தைகளை நான் மாற்றினேன். மாற்றினால் என்ன நடக்கும் என்பதும் தெரிந்தே மாற்றினேன். கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றை மட்டும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். சிறையில் காவலர்கள் சிங்களவரும் மலாய்க்காரரும். அவளுக்கு விளங்கும் பாஷையில் உண்மையைச் சொல்ல அங்கே ஆளில்லை. இருபது நாளும் வயிறாரத் தின்று நன்றாகத் தூங்கினாளாம். கடைசிக் காலையில் கதவு திறந்ததும், துணிமூட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு, எல்லோருக்கும் போய்வருவதாகக் கைகாட்டிவிட்டு வந்தாளாம். சிறைக் கண்காணிப்பாளர் சொன்னார். அவளுக்கு இந்த ஊரில் யாரும் ஒரு நன்மையும் செய்ததில்லை, என்னைத் தவிர.