மூன்றாவது பெட்டி

வெண்டல்: பெர்னடெட், ஏணியை ஆட்டாதீங்க!

பெர்னடெட்: நான் எங்கப்பா ஆட்டினேன்? காபியை நீட்டினேன். நாலாவது தடவை வந்திருக்கே, இதையாவது குடி.

வெண்டல்: அந்த நாலாவது தடவையைச் சொல்லித்தான் எங்க முதலாளி காலையில கத்தினார். ஒரு ஆபீஸ், ஆறு வைஃபை பெட்டி, ஒரு மாசமா சரி பண்றியான்னு.

பெர்னடெட்: ரொம்பத் திட்டினாரா?

வெண்டல்: இன்னிக்கு முடியலைன்னா வேற ஆளை அனுப்புவாராம்.

பெர்னடெட்: இன்னிக்கேவா... வெளிய மைனஸ் முப்பது. பேசாம வீட்டுக்குப் போயிட்டு செவ்வாய்க்கிழமை வாயேன்.

வெண்டல்: வின்னிபெக்ல யாராவது குளிரைக் காரணமா சொல்வாங்களா? சரி, சொல்லுங்க. நேத்து மறுபடி ஃபோன் கால் கட் ஆச்சா?

பெர்னடெட்: ஆச்சே! மூணு மணிக்கு டொராண்டோ தலைமை ஆபீஸ்லருந்து கால். எங்க மேனேஜர் நார்மன் வழக்கம்போல நடந்துக்கிட்டே பேசினார். அவருக்கு உட்கார்ந்தா பேச்சு வராது. ஜெராக்ஸ் மெஷினைத் தாண்டினார், பட்டுன்னு போச்சு. இந்தக் கல் கட்டடத்துல வைஃபையை விட்டா வேற சிக்னலும் கிடையாது.

வெண்டல்: அதைத்தான் மொதல் நாளே சொன்னேன். நடக்கும்போது ஃபோன் ஒரு பெட்டியை விட்டு அடுத்ததுக்குத் தாவணும். இங்க மூணாவது பெட்டி மட்டும் ஊருக்கே கேக்கற மாதிரி கத்திட்டிருந்துச்சு. ஃபோன் அதையே பிடிச்சுத் தொங்கும். பக்கத்துல நல்ல பெட்டி இருந்தாலும் போகாது.

பெர்னடெட்: சில கல்யாணம் அப்படித்தான்.

வெண்டல்: சிரிக்காதீங்க. அதோட சிக்னல் பலத்தைக் குறைச்சு வெச்சேன். மறு வாரம் வந்தா ஏத்தியிருக்கு. குறைச்சேன். மறுபடி ஏத்தியிருக்கு.

பெர்னடெட்: அடடா... பெட்டி பழசோ என்னமோ.

வெண்டல்: பெர்னடெட்.

பெர்னடெட்: என்ன?

வெண்டல்: நேத்து ரெண்டு ஐம்பதுக்கு ஏத்தினது உங்க கணினியிலருந்து.

பெர்னடெட்: காபி ஆறுது, மொதல்ல குடி.

வெண்டல்: பாஸ்வேர்டு எங்க கிடைச்சது?

பெர்னடெட்: நீ அடிக்கும்போது பின்னாடி நின்னேன். ஒத்தை விரல்ல அடிக்கிறே, குழந்தைகூட படிச்சிடும்.

வெண்டல்: என் வேலை போயிடும், தெரியுமா?

பெர்னடெட்: தெரியாதுப்பா, சத்தியமா தெரியாது. எனக்கு இந்த ஆபீஸ்ல பதினோரு பேர் வேலை போகுதுன்னுதான் தெரியும்.

வெண்டல்: எந்தப் பதினோரு பேர்?

பெர்னடெட்: டொராண்டோ கால் எதுக்குன்னு நினைச்சே? யாரை அனுப்பறதுன்னு நார்மன் ஒவ்வொரு பேரா வாயால சொல்லணும். அவங்க பதிவு பண்ணிப்பாங்க. நாலு வாரமா கால் கட் ஆகுது, தள்ளிப் போகுது. மொதல் பேரு ஒலேனா. திங்கட்கிழமையோட அவளுக்கு இருபத்தஞ்சு வருஷம். முழு பென்ஷன். இன்னிக்கு அனுப்பினா பாதிகூட வராது.

வெண்டல்: அதான் செவ்வாய்க்கிழமையா...

பெர்னடெட்: மத்தவங்களை என்னால காப்பாத்த முடியாது. அவளை மட்டுமாவது... இன்னும் ஒரே ஒரு கால்ப்பா. இன்னிக்கு வெள்ளி, மூணு மணி கால். அது போதும்.

வெண்டல்: உங்களால அதைக் கட் பண்ண முடியாது.

பெர்னடெட்: ஏன், நேத்து பண்ணலையா?

வெண்டல்: பண்ணலை. போன வாரமே பூட்டிட்டேன். நீங்க ஏத்தின அஞ்சாவது நிமிஷம் அது தானா இறங்கிடும். நேத்து ரெண்டு ஐம்பத்தஞ்சுக்கு எல்லாம் சரியா இருந்துச்சு.

பெர்னடெட்: அப்ப எப்படிக் கட் ஆச்சு?

வெண்டல்: அதைத்தான் காலையிலருந்து தேடறேன். பெட்டியோட பதிவைப் பாருங்க. மூணு பத்துக்கு நார்மன் ஃபோன் நாலாவது பெட்டிக்குத் தாவியிருக்கு. ஒரு சொட்டு சிந்தாம. பதினேழு செகண்ட் நல்லா பேச்சு ஓடுது. அப்புறம்...

நார்மன்: அப்புறம் என்ன? ஏணியடியில மாநாடு போடறீங்களா?

பெர்னடெட்: நார்மன்! இல்ல... காபி குடுக்க வந்தேன்.

வெண்டல்: சார், உங்க ஃபோன்தான். வைஃபைல கோளாறே இல்ல. நேத்து ஃபோன் காலைக் கட் பண்ணது இந்தப் பக்கத்துலருந்து. சிவப்பு பட்டன்.

நார்மன்: நானா? சே, சே.

பெர்னடெட்: நார்மன்?

நார்மன்: விரல் பட்டிருக்கும்.

வெண்டல்: போன வாரமும் பட்டிருக்கு சார். அதே பதினேழு செகண்டுக்கு.

நார்மன்: மொதல் பேரு வரைக்கும் வருவேன்... அதோ, ஜெராக்ஸ் மெஷினைத் தாண்டினா ஜன்னலோரம் ஒலேனா உட்கார்ந்திருப்பா, என்னைப் பார்த்துக் கை ஆட்டுவா. எந்த வாயால சொல்றது?

பெர்னடெட்: அப்ப நீங்களும்...

நார்மன்: கொஞ்சம் மெதுவா பேசு. தம்பி, இது செவ்வாய்க்கிழமைக்கு முன்னாடி சரியாகாதுன்னு ஒரு தாள்ல எழுதிக் குடு. பழியைக் கட்டடத்து மேல போடு. உங்க முதலாளி நம்பரையும் எழுது, நான் பேசறேன்... அவர் ஃபோன் காலை மட்டும் கட் பண்ண மாட்டேன்.