ரசீதம்மாவுக்கு, அடுத்த மேசையின் வயிற்றெரிச்சலோடு

கசங்கிய காகிதத்திலும் காசைக் கண்டெடுத்த கணக்கின் கண்மணியே! மறதியில் நாங்கள் மடித்தெறிந்ததை மலர்ந்த முகத்தோடு மீட்டுத் தந்த மாண்பே! வருமான வரிப் படிவம் என்றாலே வாசலைத் தேடிய எங்களுக்கு வாய்த்த வழித்துணையே! எங்கள் ரசீதம்மா, வணக்கம்!

நீங்கள் பணி ஓய்வு பெறும் நாளுக்கான இம்மடலை எழுதும் பொறுப்பை உங்கள் அடுத்த மேசைக்காரர் தலையில் கட்டினோம். "பொறாமைப்படுறவன் பாராட்டினாத்தான் அதுல கலப்படம் இருக்காது" என்றார் மேலாளர். மேசைக்காரரும் மறுக்கவில்லை. உங்களைப் பற்றி இத்தனை காலம் யோசித்தவர் இந்த அலுவலகத்தில் வேறு யார்? உங்களோடு ஒரே நாளில், ஒரே பதவியில் சேர்ந்தவர். நீங்கள் படித்த அதே சட்டப் புத்தகத்தைப் படித்தவர். ஆனாலும் வரிக் கணக்குக் காலம் வந்துவிட்டால் வரிசை உங்கள் மேசையில்தான் தொடங்கும். அவர் மேசையை உரசிக்கொண்டுதான் வாசல்வரை வளையும்.

சட்டம் தாராளமாய்த் தந்த வரிக் கழிவுகளைத் தவறவிடுவதில் தன்னிகரற்றவர்கள் நாங்கள்! வீட்டுக் கடனின் வட்டியை எழுத மறந்தவர், மகளின் கல்விக் கடன் வட்டியும் கணக்கில் சேரும் என்றே அறியாதவர், நன்கொடை ரசீதைப் புத்தகத்துக்கு அடையாளமாய்ச் செருகியவர், எல்லோரும் உங்கள் முன் திருதிருவென விழித்தவர்களே. எங்கள் ஓட்டுநரிடம், "அப்பாவோட மருத்துவக் காப்பீட்டை யாருப்பா கட்டுறது?" என்று கேட்டீர்கள். "நான்தாம்மா, வேற யாரு கட்டுவா?" என்றார். "அப்ப ஏன் எழுதல? சட்டமே குடுக்குதுப்பா, வாங்கிக்க என்ன வெட்கம்?" என்றீர்கள். அன்று முதல் அவர் உங்கள் மேசைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் வண்டிச் சாவியை எடுக்கிறார்.

யார் வந்தாலும் உங்கள் முதல் கேள்வி ஒன்றுதான்: "இந்த வருஷம் உடம்பு செக்கப் பண்ணீங்களா? பில்லு எங்க?" காய்ச்சலோடு வந்தவரிடமும் அதைத்தான் கேட்டீர்கள், கல்யாணப் பத்திரிகை நீட்டியவரிடமும் அதைத்தான் கேட்டீர்கள்; அந்தப் பில்லுக்கும் கழிவு உண்டே!

இதையெல்லாம் பக்கத்திலிருந்து பார்த்தவருக்கு எப்படி இருந்திருக்கும்! ஒருமுறை, ஒரே ஒருமுறை, யாராவது தன்னிடம் படிவத்தை நீட்டி, "கொஞ்சம் பாருங்க சார்" என்று சொல்ல மாட்டார்களா என்று ஏங்கினார். தன் மேசைக்கு எதிரே மெத்தை வைத்த நாற்காலி ஒன்றை வாங்கிப் போட்டார். உங்களுக்காகக் காத்திருந்தவர்கள் அதில் பைகளை வைத்தார்கள். மின்விசிறியை அதன் பக்கம் திருப்பினார். வந்தவர்கள் வியர்வை காயும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு, முறை வந்ததும் உங்களிடம் எழுந்து போனார்கள். "அந்தம்மாகிட்ட அப்படி என்னதான் இருக்கு?" என்று வீட்டில் பொருமினாராம். "தெரியலங்க, ஆனா என் படிவத்தை நல்லாத்தான் பாத்துக் குடுத்தாங்க" என்றாராம் மனைவி. அன்று அவர் சாப்பிடாமலே படுத்துவிட்டார்.

போன வாரம் உங்கள் கடைசிப் படிவத்தோடு எழுந்தீர்கள். வரிசை முழுவதும் வாய் பிளந்து பார்த்திருக்க, பைகளைக் கீழே இறக்கிவிட்டு அந்த மெத்தை நாற்காலியில் அமர்ந்தீர்கள். "கொஞ்சம் பாருங்க சார். நம்ம தப்பு நம்ம கண்ணுக்குத் தெரியாது." அவர் படிவத்தை இரு கையாலும் வாங்கினார். மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் சலித்தவர், திடீரென்று துள்ளி எழுந்தார்.

"மேடம்! உடம்பு செக்கப் பில்லு விட்டுப்போச்சு!"

"அய்யய்யோ, ஆமா! நல்லவேளை, நீங்க பாத்தீங்க" என்று வரிசையின் வால்வரை கேட்கும்படி சொன்னீர்கள். மறுநாள் காலை ஓட்டுநர் தன் காகிதங்களோடு அவர் எதிரே உட்கார்ந்திருந்தார். பின்னால் இன்னும் சிலர் நின்றார்கள்.

தலைகால் புரியாமல் திரிந்தார் மனிதர். பிறகு இம்மடலை எழுத உட்கார்ந்தார். உங்கள் முதல் கேள்வியை மேலே எழுதியபோதுதான் பேனா நின்றது. ஊரிடமெல்லாம் அந்த ஒரு பில்லைக் கேட்டவர், தன்னுடையதை மறப்பாரா?

மறந்தீர்களா, விட்டுவைத்தீர்களா என்று நாங்கள் கேட்கவில்லை; கேட்டாலும் சிரித்துவிட்டுப் போவீர்கள். இந்தச் சந்தேகத்தை எழுதாமல் விட்டிருந்தால், உங்களையே திருத்தியவர் என்ற பேரோடு வரிசை அவருக்கே நிலைத்திருக்கும். ஆனால் விட்டுவைக்கும் வித்தை உங்களுக்குத்தானே வரும்! கணக்கில் உங்களை மிஞ்ச முடியவில்லையே என்று எரிந்த வயிறு, இப்போது பெருந்தன்மையிலும் மிஞ்ச முடியவில்லையே என்று எரிகிறது. இந்த எரிச்சலுக்கு எந்தப் படிவத்திலும் கழிவு இல்லை, அம்மா.

நடை தளராது, நினைவு மங்காது, நலமெல்லாம் நாடிவர நீடு வாழ்க! ஆண்டுதோறும் தவறாமல் உடம்பைப் பரிசோதித்துக்கொள்க! அந்தப் பில்லை எடுத்துக்கொண்டு நேரே இங்கே வருக! மெத்தை நாற்காலியில் எவர் பையும் இராது. முதல் கேள்வியை அவரே கேட்பார்.

இப்படிக்கு,
உங்கள் கணக்குப் பிரிவு ஊழியர்கள்

எழுதியவர்: அடுத்த மேசைக்காரர். கலப்படம் இல்லை.