மூன்றாவது ஆளின் காது

சாணி மெழுகிய டென்னிஸ் மைதானத்தில் பந்து கொஞ்சம் தாழ்வாகத்தான் எழும்பும். வெளியூர்க்காரர்கள் வந்தால் முதல் அரைமணி நேரம் குனிந்து குனிந்தே இடுப்பு ஒடிந்து போவார்கள். கிளப் செயலாளர் என்ற முறையில் உங்களுக்கு இது தெரியும், சந்திரசேகர். குமரகுரு நினைவுக் கோப்பை தொடங்கும் நாளில் வாசிக்க ஒரு பக்கம் எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். அவனோடு பன்னிரண்டு வருஷம் ஆடியவன் நான்தானே என்றீர்கள். ஒரு பக்கத்தில் முடியவில்லை. மன்னிக்கவும்.

எனக்குத் திருச்செங்கோட்டில் ஆழ்குழாய்க் கிணறு போடும் ரிக் வண்டிகள் மூன்று. குமரகுருவுக்கு விசைத்தறிப் பட்டறை. தறிச் சத்தத்திலேயே வளர்ந்தவன் என்பதால் அவனுக்கு ரகசியம் பேசத் தெரியாது. காலை வணக்கம் சொன்னாலே கரட்டூர் வரை கேட்கும். நாங்கள் இருவரும் நாற்பது வயதுக்கு மேல், டாக்டர் சொன்னதால் டென்னிஸுக்கு வந்தவர்கள். எனக்குச் சர்க்கரை, அவனுக்குத் தொப்பை.

எங்கள் சண்டை என்ன என்று கிளப்பில் எல்லோருக்கும் தெரியும். உலகத்திலேயே பெரிய ஆட்டக்காரர் யார் என்பதுதான். எனக்கு ஃபெடரர், அவனுக்கு ஜோகோவிச். நீங்கள் நடுவில் புகுந்து நடால் என்பீர்கள், இருவரும் சேர்ந்து உங்களை உட்கார வைப்போம். பார்ப்பவர்களுக்கு அது விளையாட்டு. எனக்கும் முதலில் விளையாட்டுதான். பிறகு எப்போதோ அது மாறிவிட்டது. நான் ஒற்றைக் கையில் பேக்ஹேண்ட் அடிப்பேன். பார்க்க அழகாக இருக்கிறது என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். குமரகுருவிடம் அழகு கிடையாது. எங்கே அடித்தாலும் ஓடிப் போய்த் திருப்பிப் போடுவான், நானே தப்புச் செய்யும் வரை திருப்பிப் போட்டுக்கொண்டே இருப்பான். பன்னிரண்டு வருஷத்தில் நான் அவனை ஜெயித்தது ஒன்பது முறை. ஆகவே ஃபெடரர் பெரிய ஆள் என்று நான் சொன்னதெல்லாம் யாருக்காகச் சொன்னேன் என்று உங்களுக்கு விளங்கும். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

2019 விம்பிள்டன் இறுதி ஆட்டத்தை என் வீட்டில்தான் சேர்ந்து பார்த்தோம். ஐந்தாவது செட்டில் எட்டுக்கு ஏழு, ஃபெடரர் சர்வீஸ், நாற்பது பதினைந்து. ஒரு பந்து போதும். அது நடக்கவில்லை, கோப்பை ஜோகோவிச்சுக்குப் போனது. அன்று முதல் குமரகுருவுக்கு ஒரு வசனம் கிடைத்தது. டீக்கடையில் என் கிளாஸ் கொஞ்சம் தளும்பினால், "நாப்பது பதினஞ்சு மாப்ள, பாத்துப் புடி" என்பான். என் வண்டி எண்ணூறு அடி இறக்கியும் தண்ணீர் இல்லாமல் வெறும் புழுதிப் புகைதான் வந்தது என்று கேள்விப்பட்டால் அதே வசனம். என் மகள் கல்யாணத்தில் தாலி எடுத்துக் கொடுக்கும்போது பின்னால் நின்று மெதுவாகச் சொன்னான். அவனைப் பொறுத்தவரை அது மெதுவாக. மூன்று வரிசை சிரித்தது. ஜோகோவிச் இருபத்து நான்காவது கிராண்ட்ஸ்லாம் பட்டம் வாங்கிய பிறகு அவன் வாதாடுவதையே விட்டுவிட்டான். "போச்சாது உடு மாப்ள, உனக்கு அவருதான் பெரிய ஆளு" என்று தோளில் தட்டுவான். அதற்குப் பதில் அவன் திட்டியிருந்தால் தேவலை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் ரிக் தொழிலில் நிலத்துக்குச் சொந்தமான காட்டுக்காரரிடம் பேச்சு முடிக்கும்போது காகிதம் கிடையாது. இத்தனை அடி வரை ஓட்டுகிறோம், தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் இதுதான் பேச்சு என்பதை மூன்றாவது ஆள் ஒருவர் காதில் விழும்படி சொல்ல வேண்டும். பக்கத்துக் காட்டுக்காரரோ, வழியில் ஆடு ஓட்டிப் போகிறவரோ, யாரானாலும் சரி. இரண்டு பேருக்குள் பேசியது பேச்சே ஆகாது. இதை ஒரு நாள் குமரகுருவிடம் சொல்லித் தொலைத்தேன். அதன் பிறகு அவன் என்னை ஜெயித்த ஒவ்வொரு ஆட்டத்தின் முடிவையும் மைதானம் பார்த்துக்கொள்ளும் சின்னுசாமியைக் கூப்பிட்டுச் சொல்வான். "சின்னுசாமி, ஆறு மூணுங்க. காதுல உழுந்துச்சுங்களா?" அவரும் மண்வெட்டியைத் தூக்கிக் காட்டுவார்.

போன வருஷம் தையில் குமரகுருவுக்கு நெஞ்சில் அடைப்பு என்று ஸ்டென்ட் வைத்தார்கள். மூன்று மாதத்தில் மறுபடி வந்துவிட்டான். மெதுவாக ஆடலாம் என்று டாக்டர் சொன்னதில் முதல் சொல் அவன் காதில் ஏறவில்லை. அவன் மனைவி அறிவுச்செல்வி என் வீட்டுக்கே வந்து, நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை ஓர் அட்டை கொடுத்தாள். "அண்ணா, இது உங்க பையிலயே இருக்கட்டுங்க. அவரு எங்கியாச்சும் போட்டுட்டு வந்துருவாரு. நெஞ்சைப் புடிச்சா ஒடனே வெக்கோணுமுங்க" என்றாள். என் ராக்கெட் பையின் பக்கவாட்டு ஜிப்பில் வைத்தேன். ஒவ்வொரு ஞாயிறும் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவேன். அந்த விஷயத்தில் நான் கவனமாக இருந்தேன்.

அதே வருஷம் ஆனி மாதம், ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி இருக்கும். நீங்கள் ஊரில் இல்லை. மற்றவர்கள் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள். முதல் மைதானத்தில் நாங்கள் இரண்டு பேர், இரண்டாவதில் சின்னுசாமி மோட்டார் போட்டுத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அன்று எனக்கு எல்லாம் சரியாக விழுந்தது. ஐந்துக்கு நான்கு, என் சர்வீஸ், நாற்பது பதினைந்து. எதிர்ப்பக்கம் குமரகுரு இடுப்பில் கை வைத்து நின்றான். "நாப்பது பதினஞ்சு மாப்ள" என்றான். இரண்டு சர்வீஸையும் வலையில் போட்டேன். அடுத்த பந்தை வெளியே அடித்தேன். ஏழுக்கு ஐந்து என்று தோற்றேன்.

மோட்டார் சத்தத்தையும் தாண்டி அவன் சின்னுசாமிக்கு முடிவைச் சொன்னான். பிறகு பெஞ்சில் வந்து உட்கார்ந்தான். கை நெஞ்சுக்குப் போனது.

"மாப்ள, புடிக்குதுடா. மாத்திரையக் குடு."

நான் ஜிப்பைத் திறந்து மாத்திரையை எடுத்துவிட்டேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். தாமதிக்கவில்லை. அட்டையிலிருந்து பிதுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன். தர மாட்டேன் என்று நான் ஒரு தடவை கூடச் சொல்லவில்லை. "ஃபெடரர்தான் பெரிய ஆளுன்னு சொல்லிப்போட்டு வாங்கிக்க" என்று மட்டும் சொன்னேன்.

அவன் சிரித்தான். வாழ்நாள் முழுக்கக் கேலி பேசியவன் அல்லவா, இதையும் கேலி என்று எடுத்துக்கொண்டான். "வெளையாடாத மாப்ள" என்று கையை நீட்டினான். நான் என் கையை மூடிக்கொண்டேன். அப்போதுதான் அவன் என் முகத்தைப் பார்த்தான். அந்தப் பார்வையைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

"சரிடா. ஃபெடரர்தான்" என்றான்.

கேட்க எனக்கு நிறைவாக இருந்தது. அங்கேயே கொடுத்திருக்க வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மறுநாள் எழுந்து வந்து, நான் எப்போது சொன்னேன் என்று டீக்கடையில் கேட்பான். அவனை எனக்குத் தெரியும். அதனால், "சின்னுசாமி காதுல உழுவோணும்" என்றேன். திரும்பி, "சின்னுசாமி, இப்பிடிக் கொஞ்சம் வந்துட்டுப் போங்க" என்று கூப்பிட்டேன்.

சீக்கிரம் வாருங்கள் என்று கூப்பிடவில்லை. அவர் மோட்டாரை நிறுத்தினார். குழாயைச் சுருட்டி வைத்தார், அதைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்து அவருக்குப் பழக்கமில்லை. கால் கழுவினார். பிறகு நடந்து வந்தார். நான்கு நிமிடம் ஆகியிருக்கும், ஐந்தும் இருக்கலாம். அதுவரை மாத்திரை என் கையில்தான் இருந்தது. வியர்வையில் கொஞ்சம் கரையக்கூடத் தொடங்கியிருந்தது.

"ஏனுங்கண்ணா, அண்ணனுக்கு இப்பிடி வேத்துக் கொட்டுதுங்களே" என்றார் சின்னுசாமி.

நான் குமரகுருவிடம், "இப்பச் சொல்லு" என்றேன். எங்கே வலிக்கிறது என்று நான் கேட்பதாகச் சின்னுசாமி நினைத்திருக்கிறார். குமரகுருவின் உதடு அசைந்தது. ஊரே கேட்கப் பேசுகிறவனுக்கு அன்றைக்குச் சத்தம் வரவில்லை. "என்னமோ சொல்றாருங்க, வெளங்குலீங்களே" என்றார் சின்னுசாமி. அதற்குப் பிறகுதான் நாக்கைத் தூக்கி மாத்திரையை வைத்தேன். நாக்கு கனமாக இருந்தது.

என் காரில்தான் கொண்டு போனோம். கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். எல்லோரிடமும் அப்படித்தான் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன். நான் மாத்திரை வைத்ததையும் தூக்கிக்கொண்டு ஓடியதையும் சின்னுசாமி ஊர் முழுக்கச் சொன்னார். காரியத்தன்று அறிவுச்செல்வி அவனுடைய ராக்கெட்டைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். "கடைசீல நீங்க பக்கத்துல இருந்தீங்களே அண்ணா, அது போதுமுங்க" என்றாள். வாங்கிக்கொண்டு வந்தேன். அவள் கண்ணில் படக்கூடாது என்று இப்போதெல்லாம் சந்தைப்பேட்டை வழியாகச் சுற்றிப் போகிறேன். கண்ணாடி பார்த்துச் சவரம் செய்வதில்லை, கடையில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன். மானமுள்ளவன் என்று சொல்லிக்கொள்ள இனி எனக்கு ஒன்றும் மிச்சமில்லை.

குமரகுரு மாரடைப்பால் போகவில்லை. நான் கொன்றேன். இதன் நகல் ஒன்றைக் காவல் நிலையத்துக்கு எடுத்துக்கொண்டு இன்றைக்கே போகிறேன். கோப்பை கொடுக்க என்னை மேடைக்கு அழைக்க வேண்டாம்.

ஆனால் இதை மைக்கில் வாசியுங்கள். அறிவுச்செல்வி முன்வரிசையில் இருப்பாள், இருக்கட்டும், அவளுக்குத் தெரிய வேண்டும். நேரமில்லை என்றால் என்னைப் பற்றி எழுதியதையெல்லாம் விட்டுவிடலாம். ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள், சந்திரசேகர். பெஞ்சில் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்து, ஃபெடரர்தான் என்று அவன் தன் வாயால் சொன்னான். இப்போது உங்கள் காதிலும் விழுந்துவிட்டது.